ஈ-ஃபிளாட்டில் அரைத் தட்டு

1956 அக்டோபர் மாதம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, டெட்ராய்ட்டில் டயர்மேன் தெருவை ஒட்டிய எங்கள் வீட்டின் கீழறையில் இருந்தவர்கள் ஆறு பேர். சாக்ஸபோன் வாசிக்கும் ஓரின் ஸ்டால்வர்த். பாஸ் வாசிக்கும் தேடியஸ் மேபின். டிரம்ஸ் வாசிக்கும் கிளீவன் ரூக்கர். என் தம்பி லூசியஸ் வாட்லி, கிட்டாருடன். எங்கள் அம்மா ஜெனோபியா வாட்லி, கீழறைக்கு இறங்கும் படிக்கட்டின் அடியில் நாற்காலி போட்டு, தேவாலயத்துக்குப் போட்ட தொப்பியைக் கழற்றாமல். ஆர்டேலியா வாட்லி ஆகிய நான், மூடிய பியானோவுக்குப் பக்கத்தில்.

பியானோவை மூடியது நான்தான். மூடியின் மேல் இரண்டு கேக்குகளை வைத்தேன், யாரும் பேச்சுவாக்கில் திறந்துவிடக் கூடாது என்று. அன்று அந்த வீட்டில் கிட்டார் ஒன்றுதான் கார்டு, அதாவது பல சுரங்களை ஒரே ஒலியாகச் சேர்த்து, போட வேண்டும். அதற்குத்தான் அவர்கள் வந்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். ஸ்டால்வர்த்தின் குழுவில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்தாவது ஆள் ரூஃபஸ் கிம்பிள், பியானோ. செப்டம்பர் முதல் வாரத்தில் கிம்பிள் நியூயார்க்குக்குப் போய்விட்டார். அதே வாரத்தில் பன்னிரண்டாவது தெருவில் ஒரு புது இடத்தில் வாரம் ஆறு நாள் வாசிக்க ஸ்டால்வர்த்துக்கு அழைப்பு வந்தது. அங்கே மேடையில் நான்கு பேர்தான் நிற்கலாம். ஸ்டால்வர்த் மறைக்காமல் சொன்னார்: நான்காவது ஆள் ஒரு பியானோக்காரர். லூசியஸுக்கு இடம் இல்லை. ஆறு வருடமாக அந்தக் குழுவில் வாசித்தவன், பகலில் கார் தொழிற்சாலையில் கதவு மாட்டிவிட்டு, நேராக மேடைக்குப் போய் நின்றவன். அவனுக்கு அந்த இடத்தை விட்டால் வேறு இடம் கிடையாது. அந்த நாளில் டெட்ராய்ட்டில் பியானோ இருக்கிற மேடையில் கிட்டாரை யாரும் தேடவில்லை.

லூசியஸ் ஆறு வாரம் அவகாசம் கேட்டான். பியானோ செய்கிற வேலையைக் கிட்டாரில் செய்து காட்டுகிறேன், முடியாவிட்டால் நானே விலகிக்கொள்கிறேன் என்றான். ஸ்டால்வர்த் நல்ல மனிதர். அதுவரை மாற்று ஆளை வைத்துச் சமாளிப்பதாகச் சொன்னார்.

இதற்கு நடுவில் இன்னொன்று என் காதுக்கு வந்தது. ஊரைவிட்டுப் போவதற்கு முன் கிம்பிள் முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்து, லூசியஸ் வாட்லிக்குத் தெரிந்த கார்டு எல்லாம் தன் பியானோவுக்குப் பக்கத்தில் நின்று பொறுக்கியது என்று சொன்னாராம். என் அப்பா இருபத்தொன்பது வருடம் ரயிலில் படுக்கை விரித்தவர். பயணிகள் மறந்துவிட்டுப் போன சீப்பைக்கூடத் தேடிப் போய்க் கொடுத்தவர். எங்கள் வீட்டில் யாரும் எதையும் பொறுக்கியதில்லை. நான் கிம்பிளுக்குப் பதில் சொல்லி அனுப்பவில்லை. மறுநாள் மாலை லூசியஸ் தொழிற்சாலையிலிருந்து வந்ததும், சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்காரச் சொன்னேன்.

அவன் செய்ய நினைத்ததைச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் சொல்லித்தரும் வரிசையில் ஏழு சுரம். ஏழை வைத்துக்கொண்டு வேகமாக ஓடினால், மேலே போய்ச் சேரும்போது தாளத்தின் தட்டு தப்பிவிடும். அதனால் பீபாப் என்கிற வேக ஜாஸ் வாசிக்கிறவர்கள் ஐந்தாவது சுரத்துக்கும் ஆறாவது சுரத்துக்கும் நடுவில் ஒன்றைச் செருகி எட்டாக்கிக்கொள்வார்கள். இதில் ரகசியம் எதுவும் இல்லை. எங்கள் தெருவில் விசில் அடித்துக்கொண்டு போகிறவனுக்கும் அது தெரியும். ஆனால் ஒற்றைச் சுரமாக ஓடுவது வேறு. ஒவ்வொரு சுரத்தின் கீழும் மூன்று சுரங்களைத் தொங்கவிட்டு, நான்கும் ஒரே கார்டாக, ஒரு வரிசையாக நடந்து போவது வேறு. லூசியஸுக்கு அது வேண்டும். எட்டுப் படிக்கும் எட்டுக் கார்டு.

தேவாலயத் துண்டறிக்கையின் பின்பக்கத்தில் எட்டுச் சுரங்களையும் எழுதினேன். பாட்டு வந்து இளைப்பாறுகிற கார்டின் நான்கைச் சுற்றி வட்டம் போட்டேன்: பழைய ஏழின் கணக்கில் முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது, ஆறாவது. மிச்சம் நான்கு இருந்தது. லூசியஸ் அந்த நான்கையும் கிட்டாரில் சேர்த்து அழுத்தினான். அதுவே ஒரு கார்டாக இருந்தது. எங்கேயும் நிற்காமல், உள்ளே வரத் துடிக்கிற மாதிரி ஒரு கார்டு. எட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை, ஒன்றுகூட இரண்டு தடவை வரவில்லை.

"இது வீடு, இது கதவு," என்றான். காலையிலிருந்து நானூறு கார்க்கதவு மாட்டியவனுக்கு வேறு பெயர் தோன்றவில்லை. "வீடு, கதவு, வீடு, கதவு. தட்டு விழுறப்போ எல்லாம் வீட்டுக்குள்ள இருப்பேன்க்கா."

அதுதான் அதன் அழகு. எட்டாவது சுரம் உள்ளே வந்ததால், ஏறினாலும் இறங்கினாலும் வீட்டுக் கார்டு தட்டின் மேல் விழும், கதவுக் கார்டு இரண்டு தட்டுக்கு நடுவில் விழும். வேறு ஊர்களில் வேறு பேரும் இதைக் கண்டுபிடித்திருப்பார்கள். நாங்கள்தான் முதல் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. எங்கள் மேசையில், எங்கள் காகிதத்தில் கண்டுபிடித்தோம் என்று மட்டும் சொல்கிறேன்.

கிட்டாரில் கதவுக் கார்டு சுலபம். ஒரே கைவடிவம், கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த ஃபிரெட் பட்டைகளில் மூன்று தள்ளினால் அதே நான்கு சுரங்கள் இடம் மாறி வந்து நிற்கும். வீட்டுக் கார்டுக்குத்தான் நான்கு வடிவம். ஜி சுருதியில் தொடங்கினால் மேல் நான்கு கம்பிகளிலேயே மூன்றாவது ஃபிரெட்டிலிருந்து பதினைந்துவரை ஏறிவிடலாம். ஈ-ஃபிளாட்டில் அது நடக்காது. நடுவில் உள்ள நான்கு கம்பிகளில் தொடங்க வேண்டும். பாதி வழியில் கை கீழ்ப்பக்கம் பாய்ந்து மேல் நான்கு கம்பிகளுக்குத் தாண்ட வேண்டும். கண்ணிமைக்கிற நேரம்தான். அந்த நேரத்துக்குள் நான்கு விரலும் புது இடத்தில் உட்கார வேண்டும்.

ஆறு வாரத்தில் பன்னிரண்டு சுருதி. ஒரு சுருதிக்கு இரண்டு மாலை, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு, மிச்சம் இருந்த நாட்களில் திரும்பவும் முதலிலிருந்து. அவன் வாசிப்பான், நான் பியானோவின் கீழ்ச் சுரங்களில் தாளம் பிடித்துக்கொண்டு போவேன். அவன் விரல் நுனிகள் கறுத்துத் தடித்துப் போயின. தொழிற்சாலையில் கதவு மாட்டும்போதும் இடது கை கைப்பிடிக் கம்பியில் வடிவம் பிடித்துக்கொண்டிருந்ததாம், மேஸ்திரி கேட்டதற்கு நரம்பு இழுக்கிறது என்று சொன்னானாம். ஐந்தாவது வாரக் கடைசியில் ஈ-ஃபிளாட்டும் ஒழுங்காக வந்தது. தாண்டும் இடத்தில்கூட ஒரு பிசிறு இல்லை. நான் கேட்டவரை இல்லை.

அந்த ஞாயிறு வந்தது.

எங்கள் கீழறைக்கு அப்பா வைத்த சட்டங்கள் இரண்டு உண்டு, அவர் போன பிறகும் அவை மாறவில்லை. என்னால் முடியும் என்று சொல்கிறவன் சுருதியையும் வேகத்தையும் தேர்ந்தெடுக்கக் கூடாது. முடியாது என்று சொல்கிறவன்தான் தேர்ந்தெடுப்பான். இரண்டாவது, எண்ணிக்கை கொடுத்துவிட்டால் பாட்டு முடியும்வரை யாரும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினவன் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு மேலே போய்ச் சாப்பிடலாம். அவனை யாரும் கேலி செய்ய மாட்டார்கள். அதுதான் பெரிய தண்டனை.

ஸ்டால்வர்த், முடியாது என்று சொல்கிறவர் யார் என்று கேட்டார். மேபின் கையைத் தூக்கவில்லை. அவர் பொதுவாக எதற்கும் கையைத் தூக்காதவர். ரூக்கர் தூக்கினான். அவனும் லூசியஸும் ஒன்றாகப் பள்ளிக்குப் போனவர்கள்.

"தப்பா நெனைக்காத மாப்ள. ஆறு வருஷமா உன் பக்கத்துல உக்காந்திருக்கேன். உன் கிட்டார் ஜக்கு ஜக்குன்னு பல்லு வெளக்குற சத்தந்தான் போடும். அதுல குடும்பம் நடத்த முடியாது."

"நீ பல்லு வெளக்குனாத்தானே அந்தச் சத்தம் உனக்குத் தெரியும்," என்றான் லூசியஸ்.

அம்மா கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டாள். ரூக்கர் சிரித்துவிட்டு, ஈ-ஃபிளாட் என்றான். சிரிப்பு மாறாமலேயே வேகத்தையும் தட்டிக் காட்டினான். நாங்கள் பழகியதைவிடக் கால் பங்கு அதிகம். அவனுக்குக் கிட்டார் தெரியும், எங்கே கை தாண்ட வேண்டும் என்பதும் தெரியும். நான் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சட்டம் அப்படித்தான்.

பாட்டு எல்லோருக்கும் தெரிந்த ஒன்று, நான்கு தட்டுக்கு ஒரு கட்டமாக முப்பத்திரண்டு கட்டம். ஸ்டால்வர்த் முதல் சுற்றை வாசித்துவிட்டு சாக்ஸபோனை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டார். இனி மூன்று சுற்று லூசியஸுடையது.

அவன் ஏறத் தொடங்கினான். வீடு, கதவு, வீடு, கதவு. நான்கு சுரமும் ஒரே குரலாக நகர்ந்தன. மேபின் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவர் தலையைத் தூக்குவது அபூர்வம். பிறகு கை தாண்டும் இடம் வந்தது. லூசியஸ் தாண்டினான், எல்லா விரலும் சரியான இடத்தில்தான் உட்கார்ந்தன. ஆனால் அரைத் தட்டு தாமதமாக உட்கார்ந்தன.

அந்த அரைத் தட்டு என்ன செய்யும் என்று வெளியில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு சுரமும் தப்பில்லை. ஆனால் எல்லாம் தலைகீழ். தட்டின் மேல் கதவு விழுகிறது, தட்டுக்கு நடுவில் வீடு விழுகிறது. பாஸும் டிரம்ஸும் ஒரு வீட்டில் இருக்க, கிட்டார் ஒவ்வொரு தட்டுக்கும் தெருவில் நிற்கிறது. சரியான சுரங்களைத் தப்பாக வாசிப்பதைவிடக் கேவலம் எங்கள் ஊரில் இல்லை. ஒரு கட்டம் அப்படிப் போனது. இரண்டாவது கட்டமும் போனது. ரூக்கர் அவனுக்காக நிற்கவில்லை, நிற்கவும் கூடாது. ஸ்டால்வர்த் தரையைப் பார்த்தார். அம்மா லூசியஸைப் பார்க்கவில்லை. தரையில் தாளம் தட்டிக்கொண்டிருந்த என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

நிறுத்தியிருக்கலாம். பெட்டி அவன் காலடியிலேயே திறந்து கிடந்தது.

லூசியஸ் நிறுத்தவில்லை. மூன்றாவது கட்டத்தில் ஒரு கதவுக் கார்டு தட்டின் மேல் விழுந்தது. அடுத்து, தட்டுக்கு நடுவில், வீட்டுக் கார்டு விழ வேண்டும். அவன் அதே வீட்டு வடிவத்தை ஒரு ஃபிரெட் கீழே வைத்தான். எட்டுக் கார்டில் சேராத வெளியூர்க் கார்டு. பிறகு விரலைத் தூக்காமல், கம்பியை விடாமல், முழு வடிவத்தையும் ஒரு ஃபிரெட் மேலே இழுத்தான். வீட்டுக் கார்டு தட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. ரூக்கரின் காலும் அதே நொடியில் விழுந்தது. தாமதமான அரைத் தட்டுக்கு இன்னொரு அரைத் தட்டைச் சேர்த்து ஒரு முழுத் தட்டாக்கிவிட்டான். அதன் பிறகு எல்லாம் நேராகிவிட்டது. வீடு, கதவு, வீடு.

இரண்டாவது சுற்றில் அதே இடம் திரும்ப வந்தது. இந்தத் தடவை அவன் வேண்டுமென்றே ஒரு ஃபிரெட் கீழே போய் இறங்கி, மேலே இழுத்துக்கொண்டு வந்தான். மேபின் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பன்னிரண்டு வருடத்தில் மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது சுற்று. கை தாண்டும் இடத்தில் இழுவையும் இல்லை, தாமதமும் இல்லை. நேராகத் தாண்டினான், தட்டின் மேல் இறங்கினான். என்னோடு பழகியபோது அதை எப்படிச் செய்தானோ அப்படி. இல்லை, அப்படி என்று எழுதக் கூடாது. என்னோடு பழகியபோது அவன் அதைச் செய்ததே இல்லை. அதற்கு வருகிறேன்.

பாட்டு முடிந்ததும் ரூக்கர் குச்சிகளை மடியில் வைத்தான். "சரிடா மாப்ள. பல்லு வெளக்கியாச்சு. இனிமே சாப்பிடலாம்," என்றான். அவனிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

 ஸ்டால்வர்த் சாக்ஸபோனின் வாய்ப்பகுதியைத் துடைத்து மூடிவிட்டு, லூசியஸின் எதிரில் வந்து நின்றார். "அந்த இழுவை. ஒரு ஃபிரெட் கீழே இருந்து மேல வந்தியே. எங்கே புடிச்ச?"

"தப்புப் பண்ணினேன் அண்ணே. தாண்டுறப்போ அரைத் தட்டு விட்டுட்டேன். அதைச் சரி பண்ணத்தான்."

"தெரியும். ரெண்டு கட்டம் தெருவுல நின்ன. நான் அதைக் கேக்கல." அவர் பியானோ பக்கம் கையைக் காட்டினார். "அந்தப் பொட்டியால அதைச் செய்ய முடியாது. அதுல சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவுல செவரு இருக்கு. செவ்வாக்கெழம ஏழு மணிக்கு வந்துடு. கறுப்பு டை. இழுவையை ஒரு ராத்திரிக்கு ரெண்டு தடவைக்கு மேல போடாத, மலிஞ்சுடும்."

அவ்வளவுதான் தீர்ப்பு. நான் பியானோவின் மேலிருந்து கேக்கை எடுத்து வெட்டினேன். லூசியஸ் இரண்டு துண்டு சாப்பிட்டான்.  

எல்லோரும் போன பிறகு அம்மாவும் நானும் சமையலறையில் பாத்திரம் கழுவினோம். அம்மா தொப்பியை அப்போதுதான் கழற்றினாள்.

"அவன் தாண்டின எடத்துல உன் கால் நின்னுச்சு," என்றாள்.

எனக்குப் புரியவில்லை என்றேன்.

"ஆறு வாரமும் அங்கே நீ நின்னிருக்க, ஆர்டேலியா. அவன் கை வந்து சேர்ற வரைக்கும் நின்னுட்டு, அப்புறம் போயிருக்க. அதனால அவனுக்கும் தெரியல, உனக்கும் தெரியல. இன்னைக்கு யாரும் நிக்கல."

பதினொரு வருடமாக நான் எங்கள் தேவாலயத்தில் பியானோ வாசித்துவந்தேன். பாடுகிறவர் மூச்சு வாங்கும்வரை கார்டைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது என் வேலை. எழுபது வயது சகோதரிகள் பாடும்போது ஒரு வரிக்கு மூன்று இடத்தில் நிற்க வேண்டும், நிற்கிறோம் என்பது சபைக்குத் தெரியக் கூடாது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. அந்தப் பழக்கத்தை அப்படியே தேவாலயத்திலிருந்து வீட்டுப் பியானோவுக்குக் கொண்டுவந்து என் தம்பிக்கும் செய்திருக்கிறேன். ஈ-ஃபிளாட் வந்துவிட்டது என்று நானே ஐந்தாவது வாரத்தில் காகிதத்தில் குறித்துவைத்தேன். வரவில்லை. நான் நின்றேன், அவ்வளவுதான்.

ஈரக் கையோடு கீழே போய் லூசியஸிடம் சொன்னேன். என் தவறை அடுத்தவர் சொல்லி அவன் கேட்கக் கூடாது. அவன் கிட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நீ நிக்கிறேன்னு எனக்குத் தெரியாதுக்கா. நான் நல்லா வாசிக்கிறேன்னு நெனச்சேன்."

"நாளையிலேருந்து நிக்க மாட்டேன்."

"நீ நிக்காம இருந்தா அந்த சகோதரிங்கல்லாம் மூச்சு முட்டிச் செத்துருவாங்க."

"அவங்களுக்கு நிப்பேன். உனக்கு நிக்க மாட்டேன்."

மறுநாள் மாலை ஈ-ஃபிளாட்டில் தொடங்கினோம். நான் நிற்கவில்லை. ஏழு தடவை தட்டைத் தவறவிட்டான், எட்டாவது தடவை நேராகத் தாண்டினான். செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குக் கறுப்பு டை கட்டிக்கொண்டு போனான். அந்த மேடையில் பதினான்கு மாதம் வாசித்தான், பிறகு வேறு மேடைகள்.

அந்த இழுவைக்குப் பிற்பாடு பெயர் வந்தது. பலர் அதைப் பழகினார்கள், பழகட்டும். அதோடு ஒரு கதையும் வந்தது. அன்று ரூஃபஸ் கிம்பிள் எங்கள் படிக்கட்டில் நின்றிருந்தார், லூசியஸ் தட்டு தப்பியதைக் கேட்டு இரண்டு தடவை இருமி வழி காட்டினார், ஒரு ஃபிரெட் கீழே இருந்து இழுக்கும் வித்தை அவர் முன்னமே சொல்லிக்கொடுத்தது என்று. முடிதிருத்தும் கடையில் தொடங்கிய கதை இப்போது அச்சிலும் வந்துவிட்டது. தப்பு நடந்ததை நான் மறைக்கவில்லை. பாதித் தப்பு என்னுடையது. சரி செய்தது முழுவதும் என் தம்பி.

படிக்கட்டின் அடியில் என் அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் இருமவில்லை. ரூஃபஸ் கிம்பிள் அன்று நியூயார்க்கில் இருந்தார். எங்கள் கீழறையில் இருந்தவர்கள் ஆறு பேர், பெயர்களை முதலிலேயே கொடுத்துவிட்டேன்.